பூச்சாண்டி வந்தான்னு சொன்னா நம்புங்க!



"கத்தியும் கையுமா ஒருத்தன் பொண்ணுங்களைத் துரத்துறதெல்லாம் ஒரு படமா?" என்று மகளைத் திட்டியவள் நான். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவள், "ஒரே ஒரு தடவை என்கூட உட்கார்ந்து பாரும்மா, அப்புறம் திட்டு" என்றாள். படத்தின் பெயர் 'ஹாலோவீன்'. 1978-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. குறை சொல்வதற்காகவே உட்கார்ந்தவள், முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

இத்தனைக்கும் அது கையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம். செலவு ஏறத்தாழ 3 லட்சம் டாலர்தான். படப்பிடிப்பு சுமார் 20 நாள். கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளைச் சாயம் பூசியது. கதை நடப்பது இலையுதிர் காலத்தில். எடுத்ததோ வசந்த காலத்தில். அதனால் சருகுகளைத் தெருவில் தூவி, காட்சி முடிந்ததும் பொறுக்கி எடுத்து, மறுபடி தூவினார்களாம்! நம் வீட்டுச் சிக்கனம் தோற்றுவிடும். இயக்குநர் ஜான் கார்ப்பெண்டரே இசையும் அமைத்தார். அந்தப் பியானோ ஒலி இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

ரத்தம் அதிகம் காட்டாமலே இப்படிப் பயமுறுத்துகிறதே, எப்படி என்று யோசித்தேன். வந்த இடம் அப்படி. பேய் பங்களா இல்லை, காடு இல்லை. சாதாரணத் தெரு, பட்டப்பகல். லாரி என்ற பள்ளி மாணவி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஒருவன் நிற்கிறான். மறு நொடி இல்லை. தினமும் துணி உலர்த்துகிற நமக்கு வயிற்றைப் பிசையாதா?

அவனைவிட என்னைக் கலக்கியது வேறு. வேலி ஓரம் ஒருவன் நின்றதாக லாரி சொன்னால் தோழி கேலி செய்கிறாள். ராத்திரி லாரி பார்த்துக்கொள்ளும் சின்னப் பையன், "வெளியே பூச்சாண்டி நிக்கிறான்" என்றால், அவளே "அப்படி ஒண்ணும் கிடையாது" என்று அவனை அடக்குகிறாள். கடைசியில் உயிர் தப்பி ஓடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். விளக்கு எரிகிறது. உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு விளக்கை அணைத்துவிடுகிறார்கள்! கத்தியைவிட அந்த அணைந்த விளக்குதான் எனக்குப் பயங்கரம்.

யாரும் வராதபோது அவள் என்ன செய்கிறாள்? ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்துகிறாள். அலமாரிக்குள் மாட்டிக்கொண்டபோது துணி மாட்டும் கம்பியை நிமிர்த்தி ஆயுதமாக்குகிறாள். எல்லாம் நம் கைக்கு எட்டுகிற சாமான்கள். இந்தக் கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில் என்ற பெண்மணி. பெண் பிள்ளைகளின் அரட்டையை அவ்வளவு இயல்பாக எழுதியதும் அவர்தான் என்று தெரிந்தபோது, 'அதானே!' என்று தோன்றியது.

'காதலனோடு திரியும் பெண்கள் சாகிறார்கள், அடக்கமான பெண் பிழைக்கிறாள்' என்று இந்தப் படத்துக்கு ஒரு நீதி சொல்வார்கள். அப்படி நினைத்து எடுக்கவில்லை என்று இயக்குநரே மறுத்திருக்கிறார். எனக்கும் அது சரியாகப் படவில்லை. அடக்கத்தால் லாரி பிழைக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தாள், கடைசிவரை போராடினாள், அதனால் பிழைத்தாள்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "பிளஸ் டூ படிக்கறப்போ, பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் தினமும் பின்னாடியே வர்றான்னு சொன்னேனே, நீ என்னம்மா சொன்னே?"

"எல்லாம் உன் பிரமை. நீ பாட்டுக்குத் தலை குனிஞ்சு போ" என்று சொன்னேன். அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லாததற்கும் அன்றுதான் காரணம் புரிந்தது. விளக்கை அணைத்தவள் நானும்தான்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டாதீர்கள். கொலையும் உண்டு, அரைகுறை ஆடையும் உண்டு. ஆனால் வளர்ந்த பெண் இது போன்ற படத்தை விரும்பிப் பார்த்தால், "புத்தி கெட்டுப் போச்சு" என்று உடனே பாயாதீர்கள். வெளியில் அவள் தினமும் சுமக்கிற பயத்துக்கு அங்கே ஒரு முகம் கிடைக்கிறதோ என்னவோ! பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "உனக்கு இப்படி யாராவது...?" என்று மெதுவாகக் கேளுங்கள். அவள் சொன்னால், முதலில் நம்புங்கள்.

நான் ரொம்பத் தாமதமாகத்தான் கேட்டேன். அன்று விடிய விடியப் பேசினாள்.

– கொல்லைக் கதவைப் பூட்டிய ஒரு அம்மா