மாணவிகள் எழுப்பிய நீதி

பள்ளிச் சிறாருக்குப் போட்டி நடத்திப் பரிசளித்துக் கரகோஷத்தோடு வீட்டுக்கனுப்புவது எங்குமுள்ள வழக்கமே. அத்தகைய போட்டியொன்று, உறங்கிக் கிடந்த நியாயஸ்தலத்தைத் தட்டியெழுப்பத் துணைநின்ற விருத்தாந்தத்தை நம் நேயர்கள் அறிதல் நலம்.

அமெரிக்காவில் 1974-ம் வருஷம் கிளீவ்லாந்து நகரில் 'தேசீய சரித்திர தினம்' என்ற மாணவர் போட்டி ஆரம்பமாயிற்று. சரித்திர விஷயமொன்றை ஆராய்ந்து, பத்து நிமிஷத்துக்கு மேற்படாத உண்மைப் படமாக எடுத்துக் காட்டுவது அதன் பிரிவுகளில் ஒன்று. 2004-ம் வருஷத்தில் இல்லினாய் மாகாணத்து ஸ்டீவன்சன் உயர்தரப் பாடசாலையின் மாணவிகள் மூவர், தம் உபாத்தியாயரின் துணைகொண்டு, மிஸிஸிப்பி கொலைகளை இப்போட்டிக்கு விஷயமாக எடுத்தனர்.

1964 ஜூன் 21-ந் தேதி இரவு, கறுப்பு மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்னும் வாலிபர் மூவரை வெள்ளை வெறியர் சுட்டுக் கொன்றனர். 44 நாட்கள் சென்றபின் மண்ணணையொன்றின் கீழ் அவர்தம் சடலங்கள் அகப்பட்டன. கொலைக் குற்றஞ் சாட்ட மாகாண சர்க்கார் முன்வரவில்லை. 1967-ல் மத்திய சர்க்கார் சதி வழக்குத் தொடர்ந்தது. எழுவர் தண்டனை பெற்றனர். ஆறு வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்தவர் ஒருவருமில்லை. எட்கார் ரே கில்லன் என்ற பாதிரி, ஜூரர் ஒருமனப்படாமையால் தப்பினான்.

மாணவிகள் பழைய தஸ்தாவேஜுகளை ஆராய்ந்தனர். கில்லனின் வாய்மொழியை உபாத்தியாயர் பெற்றார். வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டுமென்ற கிளர்ச்சிக்கு அப்படம் வலுவளித்தது. 2005 ஜூன் 21-ந் தேதி, அதாவது சரியாக 41 வருஷங்களுக்குப் பின், கில்லன் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று; 60 வருஷத் தண்டனை விதிக்கப்பட்டு, 2018-ல் சிறையிலேயே மாண்டான்.

இப்பெருமை மாணவிகளுக்கே முழுதும் உரியதென்று நாம் கூறோம். இறந்தோரின் குடும்பத்தாரும், ஜெர்ரி மிச்சல் என்ற பத்திரிகை நிருபரும் நெடுநாள் போராடினர். தீர்ப்பும் திட்டமிட்ட கொலைக்கன்று. அதனிற் குறைந்த குற்றத்துக்கே. எனினும், பெரியோர் பலர் 'பழங்கதை' என்று கைவிட்டதைச் சிறுமியர் கைவிடவில்லை.

சரித்திரமென்பது பரீக்ஷைக்கு மனனம் செய்யும் ராஜாக்களின் ஜாபிதாவன்று. ஜனசமூகம் தீர்க்காது வைத்த கடன்களின் கணக்கு. அக்கணக்கை இளைஞர் கையில் கொடுக்க உபாத்தியாயர்கள் அஞ்சலாகாது. கேள்வி கேட்கும் மாணவனை அடக்கும் பாடசாலை, நாளை அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி நிற்கும் பிரஜையையே தயாரிக்கும். பரிசுக் கோப்பை துருப்பிடிக்கும். வெளிப்பட்ட உண்மையோ அழியாது.