ஆட்டமும் ஊதியமும்

‘பந்து சோறு போடுமா?’ என்னும் வினா நம்மவர் இல்லங்களிற் பல தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வருவது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை நெருங்குங் காலத்தில் அது வினாவாக நில்லாது கட்டளையாகவே மாறிவிடும். மாலையில் மைதானத்தில் நின்ற மகன் தனிப்பாட வகுப்பிற் போய் அமர்வான். பெற்றோரைக் குறை கூறுதல் என் நோக்கமன்று. தோட்டத்து லயத்திலிருந்தும் சிறு கடைகளிலிருந்தும் கல்வி ஒன்றையே ஏணியாகக் கொண்டு ஏறிவந்த மக்கள், அவ்வேணியினின்றும் பிள்ளை ஒரு கணம் கையெடுப்பினும் அஞ்சுதல் இயல்பே. ஆயினும், அவ்வினாவுக்கு நம் கண்டி மாநகரே ஒரு விடை அளித்திருக்கின்றது. அவ்விடையை நாம் கைதட்டிப் பாராட்டினோமேயன்றி, அதன் பொருளை ஆராய்ந்தோமில்லை.

முத்தையா முரளிதரன் 1972 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆம் நாள் கண்டியிற் பிறந்தவர். பாட்டனார் 1920 அளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்கு வந்தவர்; தந்தையார் விசுக்கோத்துத் தொழில் நடத்தி முன்னேறியவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அப்போது பிள்ளைக்கு வயது ஐந்து. ஒன்பதாம் வயதிற் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்ந்த அவர், அங்கே முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே விளங்கினார். பதினான்கு வயதளவில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவர்களின் அறிவுரையைக் கேட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். பாடசாலையில் ஆடிய இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அந்த மாற்றத்தை எவரும் விரைந்து கடந்து போதல் கூடாது. பின்னர் உலகம் கண்ட எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளும் ஒரு பாடசாலைப் பயிற்றுநர் மாலைப் பொழுதொன்றிற் கூறிய ஒரு சொல்லிலிருந்து கிளைத்தவை. அம்மைதானத்தில் நாள்தோறும் நின்று மாணவனின் மணிக்கட்டை உற்றுநோக்க ஒருவர் இருந்தார். அதனாலேயே அச்சொல் பிறந்தது. திறமை இறைவன் கொடை என்பர், இருக்கலாம். கொடையை இன்னதென்று கண்டு கூறுவோர் மாதச் சம்பளம் பெறும் மனிதரே.

இனி, அயல்நாட்டில் ஊதியத்துக்கு ஆடும் வாழ்வைச் சிறிது நோக்குவோம். தன் நாட்டுக்காக ஆடுபவன் ஒருநாள் தவறினும் ஊரார் பொறுப்பர். அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளை. கூலிக்கு அழைக்கப்பட்டவன் நிலை வேறு. மாலையிற் கொழுந்துக் கூடை தராசில் ஏறுவதுபோல் அவன் உழைப்பு அன்றன்று நிறுக்கப்படும். குறைந்தால் அடுத்த பருவம் அவனுக்கு அழைப்பில்லை. 1995 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேர்ண் நகரில், பந்தை வீசவில்லை, எறிகின்றார் எனக் கூறி நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை முரளிதரனின் பந்துகளைப் பிழையென்று அறிவித்தார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கையையுடையவர் அவர் என்பது பின்னர் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகச் சோதனைகளில் ஆராயப்பட்டது. அதன் பின்னரும், 1999 ஜனவரியில் அடிலெய்ட் மைதானத்தில் அதே குற்றச்சாட்டு எழுந்தது.

அவ்வாண்டுக் கோடையிலேயே அவர் லங்காஷயர் அணிக்குத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சென்றார். ஓர் அணியில் ஓர் அயல்நாட்டவருக்கே இடமளித்த காலம் அது. அந்த ஓர் இடத்தையும் பழிச்சொல் ஓயாத ஒருவருக்கு அவ்வணியினர் கொடுத்தனர். முந்திய ஆண்டு ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே போட்டியில் 16 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தியதைக் கண்டவர்களல்லரா! கோடையின் ஒரு பகுதியே ஆடினார். 66 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மீண்டும் 2001, 2005, 2007 ஆம் ஆண்டுகளில் அதே அணி அவரை அழைத்தது. இடையில் 2003 இல் கென்ட் அழைத்தது. 33 போட்டிகளில் 236 விக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுத்தவை சராசரியாக 16 ஓட்டங்களுக்குட்பட்டவை. திரும்பத் திரும்ப அழைக்கப்படுதலே கூலி ஆட்டக்காரன் பெறும் நற்சான்று. 2008 இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை அணி அவரை ஆறு இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலத்தில் எடுத்தது. 2010 இல் அவ்வணி கிண்ணம் வென்றது. அதே ஆண்டு ஜூலையிற் காலியில் எண்ணூறாவது விக்கெட்டுடன் டெஸ்ட் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றவர், கொச்சி, பெங்களூர் அணிகளுக்காக 2014 வரை ஆடினார். அப்போது அவருக்கு வயது 42. பிறர் பெரும்பாலும் அதற்கு முன்னரே ஓய்ந்துவிடுவர். உத்தியோகத்தில் ஐம்பத்தைந்து வயதுவரை இருந்து ஓய்வூதியம் பெற்றுப் பழகிய நம் சமூகத்துக்கு, நாற்பதில் முடியும் தொழில் விளங்கிக்கொள்ள அரிதே. 2015 முதல் ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநர் பொறுப்பை அவர் ஏற்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கற்றவை கையை விட்டுப் போகவில்லை.

‘முரளிதரன் ஒருவரே, எல்லோரும் முரளிதரன் ஆவரோ?’ எனச் சிலர் வினவுவர். ஆகார். பஞ்சாப் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்த நெடிய இளைஞர் சத்னாம் சிங், 2015 இல் அமெரிக்கப் பெருங் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் தெரிவில் 52 ஆம் இடத்தில் டாலஸ் அணியாற் கொள்ளப்பட்டார். இந்தியாவிலிருந்து அவ்வாறு தெரிவானவருள் அவரே முதல்வர். ஆயினும் அச்சங்கத்தின் முதன்மைப் போட்டி ஒன்றிலேனும் அவர் களமிறங்கவில்லை. பின்னர் மற்போர்க் காட்சித் தொழிலுக்குச் சென்றார். இதையும் மாணவர்க்கு மறையாது சொல்லுதல் வேண்டும். மறுபுறம், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்திற் சிறந்து அவுஸ்திரேலியக் கழகங்களுக்கு ஆடச் சென்றார். 2018, 2022 ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்றபோது அணியில் இருந்தார். ஆறடியைத் தாண்டிய வளர்த்தியை ஊரார் பரிகசிக்கும் நாட்டில், ஒரு பெண்பிள்ளைக்கு அவ்வளர்த்தியே கடல்கடந்த தொழிலுக்கு வழியாயிற்று.

கண்டியிலே சமநிலம் அரிது. அஸ்கிரிய மைதானம், திரித்துவக் கல்லூரியினர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையை வெட்டி அமைத்தது. அங்கேதான் 2007 டிசம்பர் 3 ஆம் நாள் முரளிதரன் தம் 709 ஆவது விக்கெட்டை வீழ்த்தி, ஷேன் வோர்னின் சாதனையைக் கடந்தார். அதுபோல் மலை வெட்டும் வசதி எல்லாக் கல்லூரிகளுக்கும் இல்லை. துடுப்பாட்ட மைதானம் இல்லையே என்று சரிவான வளவுடைய பாடசாலைகள் கையைப் பிசைந்து நிற்கின்றன. கூடைப்பந்தாட்டக் களம் ஒன்றுக்கு வேண்டியது 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு தளமும், சுற்றிலும் சிறிது வெளியும், தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இரு வளையங்களுமே. ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு நாம் சமப்படுத்தும் நிலத்தினும் அது பெரிதன்று. மழை ஓய்ந்த அரைமணியில் அங்கே மீண்டும் ஆடலாம்.

விழாக்காலங்களில் நுழைவாயில் வளைவும் நினைவுக் கல்லும் எழுப்புதல் பழைய மாணவர் சங்கங்களின் வழக்கம். அவ்வழக்கத்தை யான் இகழேன். பெயர் பொறிக்கப்படும் ஆசை எனக்கும் உண்டு. எனினும், ஒரு வளைவுக்காகும் பணத்தில், தகுதி பெற்ற பயிற்றுநர் ஒருவருக்கு எத்தனை ஆண்டு வேதனம் கொடுக்கலாம் என்பதைச் செயற்குழுவினர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அப்பயிற்றுநர் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனை வாரத்தில் மூன்று மாலைகள் மட்டும் கேட்கட்டும். அதற்கு மேற் கேட்க வேண்டா. தேசிய அணிக்கோ அயல்நாட்டுக் கழகத்துக்கோ அனுப்புவதாக எந்தப் பெற்றோருக்கும் அவர் வாக்களிக்கவும் வேண்டா. பதினான்கு வயதுப் பிள்ளைகள் முப்பதுபேரை அவர் நாள்தோறும் உற்றுநோக்கட்டும். எவன் எதற்கு உரியவன் என்று கண்டால், அதை அவன் தந்தையின் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமையையும் நாம் அவருக்கு அளித்தல் வேண்டும்.