ஆசிரியர் தினத்துக்கு எங்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம்

 

ஒக்டோபர் 6 நெருங்குகிறது. ஸ்பிரிங்வெளி, பதுளைப் பக்கத்துப் பெற்றோருக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆட்களிலேயே சிலர் கோபிப்பார்கள். பரவாயில்லை.

போன வருசம் ஆசிரியர் தினத்தன்று ஒரு பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த நாள் கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "காசு குடுக்கல்ல டீச்சர்" என்றது. வகுப்பில் ஆளுக்கு 300 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா கொழுந்து எடுக்கிறவர். 2024 செப்டெம்பரில்தான் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அதற்கும் கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்த வீட்டுக்கு 300 ரூபாய் என்றால் என்ன என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

அந்தக் காசில் எங்களுக்கு வந்தது தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் மணிக்கூடு ஒன்றும், பிளாஸ்டிக் ரோசாப்பூ வைத்த கண்ணாடிச் சாடி ஒன்றும். மணிக்கூடு மூன்று மாதம் ஓடியது. சாடி ஆசிரியர் அறை அலுமாரிக்கு மேலே, பழைய சாடிகளோடு தூசு பிடித்துக்கிடக்கிறது. குற்றம் எங்களுடையதும்தான். சிரித்துக்கொண்டு வாங்கினோம், போட்டோ எடுத்தோம், எந்த வகுப்பு பெரிய சாமான் தந்தது என்று பேசிக்கொண்டோம்.

"நல்ல டிசைன் சாமான்" என்று கடைக்காரர் காட்டுவதெல்லாம் இந்தப் பளபளப்புதான். பளபளப்பு வேறு, டிசைன் வேறு. ஒரு பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்யவேண்டும், கைக்கும் கண்ணுக்கும் இதமாக இருக்கவேண்டும், நீண்ட நாள் உழைக்கவேண்டும். அப்படிப் பார்த்தால் இந்த மலைகளின் மிகச் சிறந்த டிசைன் எது? கொழுந்துக் கூடை. பின்னல் இடுக்கு வழியாகக் காற்றுப் போவதால் கொழுந்து சூடேறிக் கெடாது. தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிட்டால் இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். தேயிலை டின்களில் அந்தக் கூடையின் படம் உலகமெல்லாம் போகிறது. பல மலைகளில் அதன் இடத்தில் இப்போது சாக்குத்தான். கூடை பின்னத் தெரிந்த தாத்தாமார் லயத்தில் சும்மா இருக்கிறார்கள்.

கண்டிப் பக்கம் தும்பறைப் பாயைப் பாருங்கள். ஹண நாரில் கையால் நெய்வது. அதை நெய்தவர்களைச் சமூகம் நெடுங்காலம் தாழ்த்தியே வைத்திருந்தது. ஆனால் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியில் கட்டிய வீட்டில் அந்த நெசவைக் கதவுக்கே வைத்தார். 2021இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கொழும்பில் பார்பரா சன்சோனி 1960களில் பேர்ஃபுட்டைத் தொடங்கியதும் கிராமத்துப் பெண்களின் கைத்தறியை நம்பித்தான். எங்கள் சமூகத்திடமும் இருக்கிறது: மருதமுனைக் கைத்தறிச் சாரனும் சாரியும், கிழக்கில் பெண்கள் இழைக்கும் பன்பாயும். பெயர் தெரியாத பிளாஸ்டிக்குக்குக் கொடுக்கும் காசு இந்தக் கைகளுக்குப் போனால் என்ன?

"கைவேலை விலை கூடத்தானே?" என்பீர்கள். உண்மை, கூடத்தான். அதனால்தான் சொல்கிறோம்: பிள்ளைகளிடம் சேர்க்கவே வேண்டாம். உழைக்கிற பெரியவர்கள் கலியாணத்துக்கோ, ஓய்வுபெறும் அதிபருக்கோ கொடுக்கும்போது நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல பொருள் வாங்குங்கள். கலியாண வீட்டில் ஒரே மாதிரி ஐந்து டின்னர் செட் குவிவதைவிட ஒரு பாய் மேல். பத்து வருசம் கழித்தும் விரித்து உட்காரலாம்.

அன்பளிப்புக் கொடுப்பது நபிவழி. அதைக் கட்டாய வசூலாக்குவதும் வீண்விரயமும் எந்த வழி?

இந்த முறை எங்கள் கோரிக்கை இரண்டே. முதலாவது, வகுப்பில் யாரும் ஒரு சதம்கூடச் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் திருப்பிக் கொடுப்போம். இரண்டாவது, கூடை பின்னவோ பாய் இழைக்கவோ தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒக்டோபர் 6ஆம் திகதி சித்திரப் பாடத்துக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். அவருடைய அன்றைய கூலியை ஆசிரியர்கள் நாங்கள் கொடுக்கிறோம். அவர் பின்னும் கூடையையும் விலை கொடுத்தே வாங்குகிறோம், மணிக்கூடு இருந்த இடத்தில் அது இருக்கட்டும்.

போன வருசம் வராத பிள்ளை இந்த வருசம் முன்வரிசையில் உட்கார வேண்டும். எங்களுக்கு அந்தப் பரிசு போதும்.