திரும்பி வராத மீன்கள்

அந்நிய தேசத்து உதவி ஏழை நாடுகளுக்கு எந்த ரூபத்தில் வந்து சேருகிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். முதலில் நிபுணர் ஒருவர் வருவார். நல்ல ஹோட்டலில் தங்குவார். இரண்டு விருந்துகள் நடக்கும். அவர் ஊர் திரும்பிய பிறகு பருமனான அறிக்கை ஒன்று வரும். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு எவரேனும் வீட்டை அடமானம் வைத்துப் புதுத் தொழில் தொடங்கினார் என்று நாம் கேள்விப்பட்டதில்லை. விஞ்ஞானம் தொழிலாக மாறுவதற்குப் புத்திமதி போதாது. முதல் நஷ்டத்தைத் தாங்க ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் அகப்பட்ட இடம் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசம். அந்த ஆள் யாரென்று சொன்னால் நேயர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள்.

ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் சமுத்திரத்துக்கும் நடுவே நெருக்குண்டு, 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் தேசம் சிலி. நெடுங்காலமாகத் தாமிரம் வெட்டி விற்றே பிழைத்து வந்தது. தாமிரத்தின் விலை இறங்கினால் சர்க்காரின் பெட்டியும் காலி. ஆனால் தென்கோடியில் குளிர்ந்த ஏரிகள், தெளிந்த நதிகள், மலைகளுக்கிடையே நிலத்தைக் குடைந்து கொண்டு உட்புகுந்த அமைதியான கடற்கழிகள் எல்லாம் இருந்தன. வட கடல்களில் ஸால்மன் மீன் வாழ்வதற்கு ஏற்ற சூழ்நிலை எதுவோ அதுவே இங்கும் இருந்தது. ஸால்மன் ஒன்றுதான் இல்லை. பூமியின் தென்பாதியில் அது இயற்கையாக வாழ்ந்ததே கிடையாது.

ஸால்மனின் குணம் விசித்திரமானது. நதியில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் பிறந்த நதிக்கே திரும்பி வரும். இந்தக் குணத்தை நம்பித்தான் 1969-ல் ஜப்பான் சர்க்கார் சிலிக்குக் கைகொடுத்தது. சிலி இளைஞர்களை அழைத்துப் பயிற்சி அளித்தார்கள். ஜப்பானிலிருந்து முட்டைகளை விமானத்தில் ஏற்றிப் பாதி உலகம் கடந்து கொண்டு வந்தார்கள். கொய்ஹைக்கே என்ற ஊருக்கருகில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்துக் குஞ்சுகளை நதியில் விட்டார்கள். வளர்ந்து திரும்பி வருமென்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். எதிர்பார்த்தபடி மீன்கள் வரவில்லை. இருபது வருஷம் நடந்த இந்த முயற்சியை வீண் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மீன் திரும்பாவிட்டாலும், மீனை அறிந்த மனிதர்கள் சிலியில் உண்டாகிவிட்டார்கள்.

இனி அந்த ஆளைப் பற்றி. ஐ.டி.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி சிலியின் டெலிபோன் தொழிலில் பெரும்பங்கை வைத்திருந்தது. 1970-ல் அலெந்தே ஜனாதிபதி ஆவதைத் தடுப்பதற்காக இந்தக் கம்பெனி அமெரிக்க உளவு இலாகாவுக்குப் பத்து லட்சம் டாலர் வரை தர முன்வந்தது. இது வெறும் வதந்தியல்ல. 1973-ல் அமெரிக்க செனட் விசாரணையிலேயே வெளிவந்த சங்கதி. அலெந்தே 1971-ல் டெலிபோன் கம்பெனியைச் சர்க்காரின் பிடிக்குள் கொண்டு வந்தார். 1973 செப்டம்பரில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, அவரும் மாண்டார். புதிய ராணுவ ஆட்சி கம்பெனியுடன் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் 1976-ல் ஏற்பட்ட 'புந்தாஸியோன் சிலே', அதாவது சிலி ஸ்தாபனம். மூலதனம் ஐந்து கோடி டாலர். பாதி சர்க்காருடையது, பாதி ஐ.டி.டி. போட்டது. பாவம் தீரக் குளம் வெட்டிய தனவந்தரைப் பற்றி நம் ஊர்களில் சொல்வார்கள். குளத்து நீர் இனிப்பதனால் பாவம் இல்லையென்று ஆகிவிடாது. குளம் இனிக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆரம்பத்தில் ஸ்தாபனம் கம்பெனிக்குத் தெரிந்த மின்னணுத் துறையிலும் உணவு ஆராய்ச்சியிலும் இறங்கியது. பிறகுதான் புத்தி சிலியின் மண்ணுக்கும் நீருக்கும் திரும்பியது. ஓர் அந்நியக் கம்பெனி தெற்கே வைத்திருந்த சிறு மீன் பண்ணையை வாங்கி, 1982-ல் 'ஸால்மோனஸ் அந்தார்த்திக்கா' என்ற கம்பெனியைத் தொடங்கியது. மீனை நதியில் விட்டுவிட்டு வழிபார்ப்பதில்லை. கடற்கழியில் வலைக்கூண்டு கட்டி அதற்குள்ளேயே தீனி போட்டு வளர்ப்பது. தீனிக்கு வேண்டிய மீன் மாவும் உள்நாட்டிலேயே ஏராளம். இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தொழிலைச் செய்யலாம் என்று ஸ்தாபனம் அறிக்கை எழுதவில்லை. தன் பணத்தைப் போட்டுத் தானே செய்து காட்டியது. முட்டைக்கும் தீனிக்கும் ஆகும் செலவு என்ன, எத்தனை மீன் சாகும், கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்பதெல்லாம் ஊரறிந்த கணக்காகிவிட்டன. உடனே மற்ற முதலாளிகளுக்கும் தைரியம் பிறந்தது. கடற்கழிகளில் கூண்டுகள் பெருகின.

1988-ல் ஸ்தாபனம் அந்தக் கம்பெனியை விற்றுவிட்டது. வாங்கியவர் ஜப்பானின் நிப்பான் ஸூயிஸன் கம்பெனியார். உள்நாட்டுப் பணத்தில் வளர்ந்த பிள்ளையை அயலாருக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்களே என்று நமக்கு முதலில் ஆத்திரமாகவே இருந்தது. ஆனால் தொழிலை நடத்திக் காட்டிவிட்டு, விற்ற பணத்தைக் கொண்டு அடுத்த சோதனையில் இறங்குவதுதான் அவர்கள் முறை. சிலியோ ஸால்மன் வளர்ப்பில் நார்வேக்கு அடுத்த ஸ்தானத்துக்கு உயர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்போம். 2007 ஜூலையில் சிலோயே தீவின் பண்ணைகளில் ஒரு தொற்றுநோய் காணப்பட்டது. மீன்களுக்கு ரத்தசோகை உண்டாக்கும் வைரஸ் அது. வெளிநாட்டு முட்டைகளோடு நார்வேயிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினார்கள். முட்டை வியாபாரத் தரப்பினர் மறுத்தார்கள். எப்படி வந்திருந்தாலும், கூண்டுக்குக் கூண்டு நெருக்கி வைத்திருந்த கடலில் அது பரவுவதற்கு நாளாகவில்லை. 2010-ல் அட்லாண்டிக் ஸால்மன் உற்பத்தி 2008-ல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் மீனைச் சுத்தம் செய்து பெட்டியிலடைத்த பெண்கள்.

இவ்வளவு அவதிப்பட்ட பிறகே, 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். கடலைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒரு பேட்டையிலுள்ள பண்ணைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் காலி செய்து நீருக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று விதித்தார்கள். தரிசு போட்டு நிலத்தை ஆற்றும் குடியானவனுக்கு இது புதுப் பாடமல்ல. உற்பத்தி மீண்டும் ஏறிவிட்டது. மீனுக்குக் கொடுக்கும் நோய்க்கிருமிக்கொல்லி மருந்து மட்டும் இன்னும் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான டன். நார்வேயில் இதற்கு அநேகமாக வேலையே இல்லை. தொழிலை இரவல் வாங்கியவர்கள் அந்த ஜாக்கிரதையையும் கூடவே வாங்காமற் போனது ஏன் என்று நாம் கேட்கிறோம். கூண்டுகள் இன்னும் தெற்கே, மகல்யானஸ் பிரதேசம் வரை நகர்ந்திருக்கின்றன. அந்தக் கடலில் தலைமுறை தலைமுறையாக ஓடம் செலுத்தி வந்த கவெஸ்கார் மக்கள், எங்கள் நீரில் கூண்டு வேண்டாம் என்று ஆட்சேபித்து வருகிறார்கள்.