மாவு விற்கும் வக்கீல்

என் ஜூனியர் ஒருவன் மாடம்பாக்கத்திலிருந்து வருகிறான். விடியுமுன் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் கடைகளில் இறக்கிவிட்டு, பத்தரைக்கு கேஸ் கட்டோடு தாம்பரம் கோர்ட்டில் நிற்பான். (ஆள் தெரியாமலிருக்க ஊரையும் சரக்கையும் மாற்றியிருக்கிறேன்.) வாய்தா எதையும் அவன் விட்டதில்லை. ஆனால் கடைக்காரர்கள் ஜிபேயில் போடும் பணம் அவன் அம்மா கணக்குக்குத்தான் போகிறது.

காரணம், இந்திய பார் கவுன்சிலின் 47ஆம் விதி. வழக்கறிஞர் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது. பணத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் ஸ்லீப்பிங் பார்ட்னராகலாம். அந்த வியாபாரம் தொழிலின் கண்ணியத்துக்கு இழுக்கில்லை என்று மாநில பார் கவுன்சில் கருதினால் போதும். 50ஆம் விதிப்படி, வாரிசாக வந்த குடும்ப வியாபாரத்தையும் வைத்துக்கொள்ளலாம், நிர்வாகத்தில் மட்டும் இறங்கக் கூடாது. ஆக, முதல் இருப்பவனுக்கு ஒரு வழி, அப்பா கடை வைத்துவிட்டுப் போனவனுக்கு ஒரு வழி. கிரைண்டரும் இரண்டு கையும் மட்டுமே உள்ளவன் அம்மா பெயரில் ஒளிய வேண்டும்.

மருத்துவத் தொழிலை விடாமலே வக்கீலாகப் பதிவு கேட்ட ஹனிராஜ் சுலானிக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வக்கீல் தொழிலுக்கு முழுக் கவனம் வேண்டும் என்றது. நியாயம்தான். நிலத்தை மீட்க வருஷக்கணக்காகச் செங்கல்பட்டுக்கு அலையும் கட்சிக்காரருக்கு அரைக் கவனம் போதாது.

ஆனால் முழுக் கவனம் கேட்பவர்கள் ஜூனியரின் வயிற்றையும் பார்க்க வேண்டாமா? சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு இதுபற்றி இந்திய பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை வெறும் பரிந்துரையாக நின்றுவிட்டது. தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். வாடகை மட்டும் சென்னை! பெரும்பாலான சீனியர்கள் கொடுப்பது பெட்ரோலுக்கே பற்றாது என்பது எங்கள் பார் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

மாநில பார் கவுன்சிலின் அனுமதியோடு பகுதி நேர வேலை பார்க்க 52ஆம் விதி ஏற்கெனவே இடம் தருகிறது. அதையே சிறு சொந்தத் தொழிலுக்கும் நீட்டலாம், பதிவு செய்த முதல் ஐந்து வருஷத்துக்காவது. கோர்ட் நேரத்தில் கடை கூடாது, கட்சிக்காரரிடம் விற்கக் கூடாது, மாவு பாக்கெட்டில் 'அட்வகேட்' என்று அச்சடிக்கக் கூடாது. வருஷா வருஷம் கணக்கு காட்டட்டும், தன் சொந்தப் பெயரிலேயே.