பி.டி. பீரியடைப் பிடுங்கியவள் சொல்கிறேன்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

ரிடையர் ஆன பிறகு காலையில் பெரியபுராணம், மாலையில் பேத்தி பாஸ்கெட்பால் ஆடுவதைப் பார்க்க மைதானத்தில் ஒரு நாற்காலி, இரவு டிவி விவாதம் என்று என் நாள் ஓடுகிறது. போன வாரத்திலிருந்து மைதானம் நின்றுவிட்டது. "பத்தாவது வந்துட்டாம்மா, இனிமே பந்து எதுக்கு? டியூஷன் போகட்டும்" என்றான் என் மகன். இதை அவனும் படிப்பான். படிக்கட்டும்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே ஒரு வாத்தியார்தான். 1891 டிசம்பர், அமெரிக்காவில் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊர். வெளியே கடுங்குளிர். உள்ளே அடங்காத 18 மாணவர்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி அவர்களை ஆட விட்டார். அவர் வகுப்பை அடக்க ஒரு விளையாட்டை உண்டாக்கினார். நாமோ பிள்ளையை அடக்க விளையாட்டை நிறுத்துகிறோம்.

அந்த 13 விதிகளிலேயே தள்ளாதே, பிடிக்காதே, இடறிவிடாதே என்று இருக்கிறது. மைதானத்தில் தினமும் பார்ப்பேன். விசில் அடித்ததும் ஃபவுல் செய்த பெண் கையைத் தூக்குவாள். விழுந்தவளை எழுப்பிவிட்டு, மறுபடியும் ஓடுவாள். டிவி விவாதத்தில் நாலு பேர் ஒரு மணி நேரம் கத்துகிறார்கள். "நான் சொன்னது தப்பு" என்று ஒருவர் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. வீட்டில் பிள்ளைகள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

நம்ம ஊர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வையை இழந்த சுந்தரர், அடுத்து வந்து நின்றது நம் மாசிலாமணீஸ்வரர் சந்நிதியில். இங்கே பாடிய பதிகத்தில் சங்கிலியின் பெயரை அவர் மறைக்கவில்லை. இறைவனுக்கே தோழர், ஆனாலும் எதனால் இந்தத் துன்பம் வந்தது என்பதைச் சொல்லித்தான் அழுதார்.

இப்போது என் கையைத் தூக்குகிறேன். வருஷக்கணக்காக உங்கள் பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் போட வைத்தவள் நான்தான். "இன்னைக்கு மட்டும் விடுங்க மிஸ்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கெஞ்சுவீர்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது பீரோவில் இருக்கிறது. உங்கள் நாற்பது நிமிஷங்களைத்தான் என்னால் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடுங்கள்.

2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே நிறுத்திவிட்டது. வீடுகளில்தான் இன்னும் நிற்கவில்லை. விளையாடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைக்கும் என்று சொல்லி உங்களை மயக்கப் போவதில்லை. நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தார், 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆக வேண்டாம். தோற்றுவிட்டு வீடு வந்து ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கத் தெரிந்தால் போதும். அதை எந்த டியூஷன் சென்டரிலும் சொல்லித்தருவதில்லை.

"மார்க் குறைஞ்சா என்ன பண்றது மிஸ்?" என்று கேட்பீர்கள். கணக்கு டீச்சராகவே பதில் சொல்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் ஒரு மணி வீதம் ஐந்து நாள் ஆடினால் 5 மணி நேரம். நூற்றுக்கு மூன்றுகூட வரவில்லை. அதே பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கிறது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: பி.டி. பீரியடைத் தொடாதீர்கள். சிலபஸ் முடியவில்லை என்றால் அது உங்கள் கணக்கு, பிள்ளைகளுடையது இல்லை.

டேய் மகனே, நாளைக்குச் சாயங்காலம் அவளை நான் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். பரண் மேலே தூக்கிப் போட்ட அந்த ஷூவை இன்றைக்கே எடுத்து வை.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்,
திருமுல்லைவாயில்