கோழி பஸ்ஸில் குவாத்தமாலா: மிச்சம் பிடிப்பது யாரிடம்?

அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூரில் பத்து, பன்னிரண்டு வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மஞ்சள் பஸ் அது. வயதாகிவிட்டது என்று ஏலத்தில் விட்டார்கள். வாங்கியவர் மெக்ஸிகோவின் குறுக்கே நாள் கணக்கில் ஓட்டிவந்து குவாத்தமாலாவுக்குள் நுழைந்தார். அங்கே ஒரு பட்டறையில் அதற்கு மறுபிறவி. மலைப்பாதைக்கு ஏற்ற எஞ்சின், கூரையில் மூட்டை கட்டக் கம்பி, பின்புறம் ஏணி, உடம்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமும், பளபளக்கும் குரோம் பட்டைகள். நெற்றியில் ஒரு பெண்ணின் பெயர். அப்பா செல்லமாக வைத்த பெயராக இருக்கலாம், ஓனரின் மனைவி பெயராகவும் இருக்கலாம்.

மத்திய அமெரிக்காவில் கொஞ்சக் காசில் ஊர் சுற்ற நினைக்கிறவர்களுக்கு முதல் வாகனம் இதுதான். உள்ளூர் மக்கள் இதை ‘கமியோனேத்தா’ என்கிறார்கள். முதுகில் பையோடு வந்த வெளிநாட்டுக்காரர்கள் வைத்த பெயர் ‘சிக்கன் பஸ்’. சந்தைக்குப் போகும் கோழியும் கூடையோடு ஏறிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த இருக்கையில் மூன்று பெரியவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பெயருக்கு இன்னொரு காரணமும் புரியும்.

ஓட்டுநருக்கு ஓர் உதவியாளர் உண்டு. ஓடும் பஸ்ஸில் ஏணி வழியாகக் கூரைக்கு ஏறி மூட்டைகளைக் கட்டுவார். இறங்கி வந்து, நிற்க இடமில்லாத கூட்டத்துக்குள் நீந்திக் கட்டணம் வசூலிப்பார். டிக்கெட் கிடையாது. யார் எங்கே ஏறினார், யாருக்கு எவ்வளவு மிச்சம் தர வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும்.

கணக்கு நோட்டு

குவாத்தமாலாவின் பணம் கெட்சால். அந்த நாட்டின் தேசியப் பறவையின் பெயர் அது. நீண்ட பச்சை வால் கொண்ட கெட்சால் பறவையின் இறகு, பழைய மாயா மக்களிடையே தங்கத்துக்கு நிகரான மதிப்புடையது. இன்று ஒரு டாலருக்கு ஏழரை கெட்சாலுக்குச் சற்று மேல் கிடைக்கும். நம் பணத்தில் ஒரு கெட்சால் 11 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. விமான டிக்கெட்தான் இருப்பதிலேயே பெரிய செலவு. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா தேவைப்படும். அதனால் ஒரு வாரத்துக்காகப் போய்வருவது கட்டுப்படியாகாது. குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா ஆகிய நான்கு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. இந்த நான்கிலும் சேர்த்துத்தான் 90 நாள் கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

போய் இறங்கிவிட்டால் சிக்கனம் எளிது. ஒரே அறையில் ஆறு, எட்டுக் கட்டில் போட்ட விடுதிகள் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குச் சந்தையை ஒட்டிய ‘கொமெதோர்’ என்னும் சின்ன மெஸ். கறுப்பு பீன்ஸ், முட்டை, வறுத்த நேந்திரங்காய் போன்ற வாழை, சுடச்சுட மக்காச்சோள ரொட்டி. காலை உணவு இதுதான். மதியத்துக்கு ‘இன்றைய சாப்பாடு’ என்று ஒன்று இருக்கும். சூப்பில் தொடங்கிக் குடிக்க ஒரு டம்ளர் பழச்சாறு வரை அதில் அடக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கார்னே வேண்டாம்’ என்றால் அங்கே பல கடைகளில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். கோழி வந்துவிடும். ‘போயோ வேண்டாம்’ என்று கோழியையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சூப்பில் மிதக்கும் காய் மட்டும் பரிச்சயமானதாக இருக்கும். அங்கே அதற்கு ‘கிஸ்கில்’ என்று பெயர். நம் சமையலறையில் சௌசௌ. அதன் பூர்வீகமே அந்த வட்டாரம்தான்.

பஸ்ஸிலும் இதே கதை. பழைய தலைநகரான ஆன்டிகுவாவிலிருந்து அதித்லான் ஏரிக்குப் போக வேண்டும் என்றால், சுற்றுலா வேன் விடுதி வாசலுக்கே வரும். கமியோனேத்தாவில் போனால் சிமால்தெனாங்கோ, லோஸ் என்குவென்ட்ரோஸ், சோலோலா என்று மாறி மாறிப் போக வேண்டும். நேரம் கூட ஆகும், செலவு வேனில் ஒரு சிறு பங்குதான். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்துவிட்டு அதையே கொடுத்தால் போதும்.

இப்படிப் போகிற பயணிகள் பலரிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கும், அல்லது போனில் ஒரு பக்கம் இருக்கும். இன்றைக்கு எவ்வளவு குறைவாகச் செலவழித்தோம் என்பதில் ஒரு பெருமை. ராத்திரி விடுதித் திண்ணையில் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அந்த நோட்டில் எல்லா எண்களும் ஒன்றல்ல என்பதைக் குவாத்தமாலா மெதுவாகக் கற்றுக்கொடுக்கும்.

எரிமலையில் சிக்கனம் கூடாது

ஆன்டிகுவா 1773ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த ஊர். அதன் பிறகுதான் தலைநகரத்தை இன்றைய குவாத்தமாலா சிட்டிக்கு மாற்றினார்கள். இடிந்த தேவாலயங்கள் இடிந்தபடியே நிற்க, கல் பாவிய தெருக்களின் முடிவில் எரிமலைகள் தெரிகின்றன. அதில் ஒன்று அகாதெனாங்கோ, 3,976 மீட்டர் உயரம். அதன் தோளில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கினால், பக்கத்து எரிமலையான ஃபுயேகோ நெருப்பு கக்குவதை நேருக்கு நேர் பார்க்கலாம். ஃபுயேகோ என்றால் ஸ்பானிஷ் மொழியில் நெருப்பு என்றே பொருள்.

இந்த மலையேற்றத்தை நடத்தும் ஏற்பாட்டாளர்கள் ஏராளம். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். மலிவானதில் எது குறைகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வழிகாட்டியின் கூலி, கூடாரத்தின் தரம், தூங்கும் பையின் கனம். மேலே ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்று வேறு அறையும். 2017 புத்தாண்டை ஒட்டி இந்த மலையில் குளிர் தாங்காமல் 6 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் அந்த நாட்டுக்காரர்களே. வெப்பமண்டல நாடுதானே என்று ஒரு சட்டையோடு ஏறுகிற வெளியூர்க்காரருக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இருட்டில் ஃபுயேகோ சிவந்து வெடிக்கும்போது கூடாரங்களிலிருந்து கைதட்டல் எழும். 2018 ஜூன் 3 அன்று அதே எரிமலை பெரிதாக வெடித்தது. கொதிக்கும் சாம்பலும் கல்லும் சரிவில் பாய்ந்து வந்தன. அடிவாரத்தில் சான் மிகெல் லோஸ் லோதெஸ் என்ற ஊர் அப்படியே புதைந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில். மலையேற்ற வழிகாட்டிகளும் சுமை தூக்குகிறவர்களும் இந்த எரிமலைகளின் அடிவார ஊர்க்காரர்கள். அவர்கள் கைதட்டுவதில்லை.

தறிக்கு முன்னால் பேரம்

அதித்லான் ஒரு பிரம்மாண்டமான எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. சுற்றிலும் மூன்று எரிமலைகள், கரையெங்கும் மாயா கிராமங்கள். படகில் அரை மணி நேரம் போனால் பேச்சு மாறிவிடும்; ஒரு கரையில் கக்சிக்கேல், இன்னொரு கரையில் ட்சுதுஹில். குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் இருபதுக்கும் மேல். ஸ்பானிஷ் அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் கற்ற இரண்டாம் மொழி.

கரையோரக் கிராமமான சான் ஹுவானில் பெண்கள் கூட்டுறவாக நெசவு செய்கிறார்கள். தறியின் ஒரு முனை தூணிலோ மரத்திலோ கட்டப்பட்டிருக்கும். மறுமுனை நெய்கிறவரின் இடுப்பில். தரையில் மண்டியிட்டு, முன்னும் பின்னும் சாய்ந்து, தன் உடம்பாலேயே நூலின் இழுவையைக் கூட்டிக் குறைப்பார். இப்படி நெய்யும் மேல்சட்டைக்கு ‘உய்ப்பில்’ என்று பெயர். வேலைப்பாடு நிறைந்தது என்றால் மாதக் கணக்கில் ஆகும்.

வியாழனும் ஞாயிறும் கூடும் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையில் இந்த உய்ப்பில்கள் குவிந்திருக்கும். ‘கேட்கிற விலையில் பாதியிலிருந்து பேரத்தை ஆரம்பியுங்கள்’ என்பது சிக்கனப் பயணிகள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளும் உபதேசம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு மாதம் நெய்த ஒன்றை 600 கெட்சாலுக்குப் பேசி முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 கெட்சால். அதிலும் நூல் விலை போக வேண்டும். ஆன்டிகுவாவில் ஒரு கோப்பை நல்ல காபிக்கே அதற்கு மேல் ஆகும்.

அந்தத் துணிக்கு இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. உய்ப்பிலின் நிறமும் வடிவமும் ஊருக்கு ஊர் வேறு. பார்த்ததுமே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடலாம். 1960இல் தொடங்கி 1996 டிசம்பர் 29இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இந்த நாட்டில் உள்நாட்டுப் போர். 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் காணப்பட்டவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாயா மக்கள். ராணுவம் குறிவைத்த ஊரின் உய்ப்பிலைப் போட்டுக்கொண்டு வெளியே போவதே ஆபத்து என்பதால், பல பெண்கள் வேறு ஊர் உடைக்கு மாறினார்கள். சிலர் நெய்வதையே விட்டார்கள். போர் ஓய்ந்த பிறகு அந்தக் கோலங்களைக் கைகளுக்குத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்போது அதே கோலங்களை மெஷினில் அச்சடித்து மலிவாக விற்கும் கடைகள் வந்துவிட்டன. தங்கள் வடிவங்களுக்குக் கூட்டுரிமை வேண்டும் என்று நெசவாளப் பெண்கள் 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றப் படியேறினார்கள். பேரம் பேசவே கூடாது என்பதில்லை; அங்கேயும் சந்தை சந்தைதான். ஆனால், இடைத்தரகர் கடையில் பேசுவது வேறு, தறியை இடுப்பில் கட்டியிருக்கிறவரிடம் பேசுவது வேறு. கையில் காசு குறைவு என்றால் சின்னதாக ஒரு பர்ஸை அவர் சொன்ன விலைக்கே வாங்கலாம்.

ஏலக்காயும் சப்போட்டாவும்

செமுக் சாம்பே போகாமல் யாரும் திரும்புவதில்லை. கஹபோன் ஆறு பாறைக்கு அடியில் புகுந்து ஓட, அதன் தலைக்கு மேலே சுமார் 300 மீட்டர் நீளத்துக்கு இயற்கையே கட்டிய சுண்ணாம்புக்கல் பாலம். அதன் மேல் படிப்படியாகப் பச்சைநீலக் குளங்கள். லான்கீன் என்ற ஊர்வரை போய், அங்கிருந்து லாரியின் பின்னால் நின்றுகொண்டே போக வேண்டும்.

வழியெல்லாம் மலைச்சரிவில் ஏலச்செடி. கோபான் வட்டாரத்துக்கு 1914இல் ஒரு ஜெர்மானியக் காபித் தோட்டக்காரர் கொண்டுவந்த செடி, நம் மேற்குத்தொடர்ச்சி மலையைச் சொந்த ஊராகக் கொண்டது. இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் உலகில் முதல் வரிசை நாடு குவாத்தமாலா. அங்கே நல்ல விளைச்சல் என்றால் போடிநாயக்கனூர் வரை விலை ஆடும். இதில் வேடிக்கை, பறிக்கிற கெக்சி மாயா குடும்பங்கள் ஏலக்காயைச் சமையலில் சேர்ப்பதே அபூர்வம். கிட்டத்தட்ட அத்தனையும் அரபு நாடுகளின் காபிக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விடுகிறது. விலையை நிர்ணயிப்பது இடைத்தரகர்.

வடக்கே காட்டுக்குள் டிக்கால். மாயா மக்களின் மாநகரம், பல நூற்றாண்டுகளாகக் காடு மூடிக் கிடந்தது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 150 கெட்சால் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். விடியற்காலையில் சுமார் 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் மேல் உட்கார்ந்து, ஊளைக்குரங்குகள் காடதிரக் கத்துவதைக் கேட்ட பிறகு அந்தக் கட்டணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோயில் வாசல்களின் மேல் உத்திரங்கள் சப்போட்டா மரத்தால் ஆனவை. வீட்டுத் தோட்டத்துச் சப்போட்டாவேதான். அதன் தாயகமும் இந்தப் பக்கமே. மழைக்காட்டின் ஈரத்தில் 1,200 வருடங்களைத் தாண்டியும் அந்த மரம் உளுத்துப்போகவில்லை.

கடைசியில் அதே பஸ்

இவ்வளவையும் பார்க்கச் சுமந்து போவது அந்தக் கமியோனேத்தாதான். அதன் குறைந்த கட்டணத்துக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. தலைநகர வட்டாரத்தில் பஸ் ஓட்டுகிறவர்களிடம் ரவுடிக் கும்பல்கள் மாமூல் கேட்கும். கொடுக்க மறுத்த ஓட்டுநர்களையும் உதவியாளர்களையும் சுட்டுக்கொல்வது பல வருடங்களாக நடக்கிறது. இருட்டிய பிறகு இந்த பஸ்களில் ஏறக் கூடாது, தலைநகருக்குள் தவிர்க்க வேண்டும் என்று விடுதிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. பயணிக்கு வேறு வண்டி உண்டு. ஓட்டுநர் மறுநாள் காலை நான்கு மணிக்கு அதே வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.

படுக்கையில் மிச்சம் பிடிக்கலாம். வேனை விட்டு பஸ்ஸில் போய் மிச்சம் பிடிக்கலாம். சந்தை மெஸ்ஸில் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கலாம். அந்தக் காசு நேராக அந்த மெஸ் நடத்தும் அம்மாவுக்கே போகிறது. மலை வழிகாட்டியின் கூலியிலும் நெசவுக்காரியின் நாட்களிலும் பிடித்த மிச்சத்தை மட்டும் ராத்திரி திண்ணையில் பெருமையாகச் சொல்ல வேண்டாம்.

ஏணியில் தொங்கியபடி உதவியாளர் ஊர்ப் பெயரைக் கூவுகிறார். அடுத்த நிறுத்தத்தில் மூட்டையோடு ஒரு பாட்டி ஏறுகிறார். ஏற்கெனவே மூன்று பேர் இருக்கும் இருக்கையில் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்குகிறார்கள். இடம் கிடைத்துவிடுகிறது.